பத்தியம் மூன்று நாள், கணக்கு மூன்று மாதம்

பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் மட்டும் வீட்டில் இனிப்பு டப்பா மேல் அலமாரிக்குப் போய்விடும். காபியில் சர்க்கரை கிடையாது. இரவில் இரண்டே சப்பாத்தி, விடிந்ததும் ஒரு மணி நேர நடை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 118 என்று வரும். மகிழ்ச்சியோடு தாளை மருத்துவரிடம் நீட்டினால், அவர் அந்த எண்ணில் நிற்கவே மாட்டார். இன்னும் கீழே இறங்கி வேறொரு வரியில் விரலை வைப்பார்: ஹெச்பிஏ1சி 9.0. “மூணு மாசமா சுகர் ஏறித்தான் இருந்திருக்கு” என்பார்.

இரண்டு எண்களும் ஒரே ஊசியில் எடுத்த இரத்தத்திலிருந்து வந்தவை. ஒன்று இன்று காலையைச் சொல்கிறது. மற்றொன்று போன மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் சொல்கிறது. தையில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் அப்போதே செரித்து, எரிந்து, மூச்சுக் காற்றோடு வெளியேறிவிட்டது. பங்குனியில் எடுக்கும் இரத்தத்தில் அதன் கணக்கு எங்கே இருக்கிறது?

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. அவர்களில் பலர் தங்கள் ஏ1சி எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். அது அளப்பது சர்க்கரையை அல்ல, ஒரு புரதத்தை. அதைப் புரிந்துகொண்டால் அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பழுது பார்க்க முடியாத செல்

இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இறக்கிவிட்டு வருவது இந்தப் புரதம். நான்கு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட உருவம் இதற்கு. இரண்டு ஆல்ஃபா சங்கிலிகள், இரண்டு பீட்டா சங்கிலிகள். ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன, பீட்டாவில் 146. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் 27 கோடி அளவுக்கு அடைபட்டிருக்கின்றன.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது சிவப்பணுவுக்கும் மற்ற செல்களைப் போல உட்கரு உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன் அதை வெளியே தள்ளிவிடுகிறது. உட்கரு போனால் மரபணுவும் போயிற்று. புதிய புரதம் செய்ய வழியில்லை. மஜ்ஜையை விட்டுப் புறப்பட்ட ஓரிரு நாட்களுக்குப் பிறகு அதனிடம் இருக்கும் ஹீமோகுளோபின்தான் கடைசிவரை. ஒரு மூலக்கூறில் கறை பட்டால் அதைக் களைந்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாது. கல்லீரல் செல்லோ தசைச் செல்லோ தன் புரதங்களை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். சிவப்பணுவுக்கு அந்த வசதி இல்லை. ஏறத்தாழ 120 நாட்கள் ஓடி, மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிகிறது. அந்த இடத்தை நிரப்ப, நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய அணுக்கள் மஜ்ஜையிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொரு தன்மையும் உண்டு. உணவுக்குப் பின் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை அள்ளிக்கொள்ள இன்சுலின் வேண்டும். சிவப்பணுவுக்கு அது தேவையே இல்லை. அதன் சவ்வில் உள்ள கடத்துப் புரதம் குளுக்கோஸை எந்நேரமும் உள்ளே விட்டபடி இருக்கும். வெளியே சர்க்கரை எந்த அளவில் ஏறினாலும் உள்ளேயும் ஏறும். ஆக, 120 நாட்கள் சர்க்கரை நீரில் ஊறிக் கிடக்கும், மாற்ற முடியாத புரதம் ஒன்று நம் இரத்தத்தில் எப்போதும் இருக்கிறது.

நொதி இல்லாமல் நடக்கும் வேலை

உடலில் நடக்கும் வேதிவினைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நொதிகள் நடத்துகின்றன. எந்த மூலக்கூறு, எந்த இடம், எப்போது என்பதையெல்லாம் நொதிதான் தீர்மானிக்கிறது. புரதங்கள்மீதும் கொழுப்புகள்மீதும் சர்க்கரையை ஒட்டுவதற்கென்றே தனி நொதிகள் உண்டு. நம் இரத்த வகையே அப்படி வந்ததுதான்: சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரைத் தொடரின் நுனியில் ஒரு நொதி ஒருவகைச் சர்க்கரையைச் சேர்த்தால் ஏ, இன்னொரு நொதி வேறுவகையைச் சேர்த்தால் பி, இரண்டும் வேலை செய்யாவிட்டால் ஓ.

ஏ1சி-க்குக் காரணமான வினையில் நொதி எதுவும் இல்லை. பீட்டா சங்கிலியின் தொடக்கத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் நிற்கிறது. அதன் நுனி, கட்டப்படாமல் திறந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் வரும் குளுக்கோஸ் அதில் தொற்றிக்கொள்கிறது. முதலில் பிடி தளர்வாகத்தான் இருக்கும். பல குளுக்கோஸ்கள் வந்த வேகத்திலேயே விலகிவிடும். விலகாமல் தங்கிய சிலவற்றில் அணுக்கள் உள்ளுக்குள் இடம் மாறிக்கொண்டு பிணைப்பு இறுகிவிடுகிறது. பிறகு, அந்தச் சிவப்பணு சாகும்வரை அது போகாது. நொதியின் துணையின்றிப் புரதத்தின்மேல் சர்க்கரை தானாகப் பற்றிக்கொள்ளும் இந்த வினையைச் ‘சர்க்கரை ஒட்டல்’ என்று அழைப்போம். வாலினில் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்தான் ஹெச்பிஏ1சி. அறிக்கையில் 9 சதவீதம் என்று இருந்தால், நூறு ஹீமோகுளோபின்களில் ஏறத்தாழ ஒன்பதில் அப்படி ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

இதே குடும்பத்து வினைகளை நாம் தினமும் அடுப்படியில் பார்க்கிறோம். தோசைக்கல்லில் மாவு பொன்னிறமாவதும், ரொட்டியின் மேல்தோல் பழுப்பதும், காப்பிக்கொட்டை வறுபட்டு மணப்பதும் புரதப் பொருள்களும் சர்க்கரையும் சூட்டில் கூடுவதால் நடப்பவை. நிறம் தூக்கலாக வரவேண்டும் என்று தோசை மாவில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுகிறவர்கள் இந்த வேதியியலைக் கைப்பழக்கத்திலேயே அறிந்தவர்கள். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கி, பழுப்பு நிறம் வருவதை விவரித்தார். கல்லில் ஒரு நிமிடத்தில் நடப்பதன் முதற்கட்டம், 37 டிகிரி உடல் சூட்டில் வாரக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

அது இத்தனை மெதுவாக நடப்பது நம் நல்வாய்ப்பு. குளுக்கோஸ் மூலக்கூறு பெரும்பாலும் வளையமாகச் சுருண்டே இருக்கும். வளையம் விரிந்து நீண்ட நிலையில்தான் அதனால் புரதத்தைப் பற்ற முடியும்; எந்த நொடியிலும் லட்சத்தில் ஒருசில மூலக்கூறுகளே அப்படி விரிந்திருக்கும். அதன் உறவுக்காரச் சர்க்கரைகள் இதைவிட அடிக்கடி விரிபவை, வேகமாக ஒட்டுபவை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிராங்க்ளின் பன்னும் பால் ஹிக்கின்ஸும் 1981-இல் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: உயிர்கள் தங்கள் முதன்மை எரிபொருளாகக் குளுக்கோஸைத் தேர்ந்துகொண்டதற்கு, அது புரதங்களை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது நிரூபணமான முடிவு அல்ல. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த ஊகம்.

தெஹ்ரானில் தெரிந்த பட்டை

1958-லேயே ஹீமோகுளோபினைக் கூறுபடுத்திப் பார்த்தவர்கள், பெருங்கூறுக்கு முன்னால் ஓடும் சில சிறு கூறுகளைக் கண்டு ஏ1ஏ, ஏ1பி, ஏ1சி என்று வரிசையாகப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். அவற்றால் என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தாண்டு கழித்து, ஈரானின் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் பரம்பரை ஹீமோகுளோபின் கோளாறுகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தை ஒவ்வொன்றாக மின்புலத்தில் ஓடவிட்டு, ஹீமோகுளோபின் எந்த இடத்தில் பட்டையாக நிற்கிறது என்று பார்ப்பது வேலை. இரண்டு பேருடைய இரத்தத்தில் மட்டும் இயல்புக்கு மாறான ஒரு பட்டை தெரிந்தது. யார் இவர்கள் என்று விசாரித்தபோது இருவருமே சர்க்கரை நோயாளிகள். அங்கேதான் ரஹ்பரின் கூர்மை. அதை ஒரு தற்செயல் என்று ஒதுக்காமல், வேறு சர்க்கரை நோயாளிகளை வரவழைத்துப் பார்த்தார். அவர்களிடமும் அதே பட்டை. 1968-இல் அதை வெளியிட்டார். அடுத்து நியூயார்க்கில், அரிவாளணு நோய் ஆய்வில் பெயர்பெற்ற ஹெலன் ரேன்னியின் ஆய்வகத்துக்குப் போய், அந்தப் பட்டை ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஏ1சி தான் என்று உறுதிசெய்தார்.

பிறவியிலேயே வந்த மாற்றமா, பிறகு ஒட்டியதா? 1976-இல் பன்னும் தோழர்களும் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தார்கள். நலமாக இருந்த ஒருவரின் உடலில் சிறிதளவு கதிரியக்க இரும்பைச் செலுத்தினார்கள். அந்த நாட்களில் மஜ்ஜையில் உருவான சிவப்பணுக்கள் மட்டும் அந்த இரும்பை ஏந்திக்கொண்டன. ஒரே வயதுள்ள அணுக்கள் தனியாக அடையாளம் பெற்றுவிட்டன. ஏ1சி பிறவியிலேயே வருவது என்றால், முதல் நாளிலிருந்தே அதில் கதிரியக்கம் முழு அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்து, அந்த அணுக்களின் ஆயுள் முழுக்கச் சீராக ஏறிக்கொண்டே போனது. அணுவுக்கு வயதாக ஆக ஒட்டல் கூடுகிறது. அதே ஆண்டில் ரொனால்ட் கோனிக், ஆன்டனி செராமி குழுவினர், மருத்துவமனையில் வைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த ஐந்து நோயாளிகளிடம் ஏ1சி பின்தொடர்ந்து இறங்குவதைக் காட்டினார்கள். பரிசோதனை பிறந்தது.

பேனாவும் தாளும் எடுங்கள்

இப்போது அந்த மூன்று நாள் பத்தியத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூட்டலும் வகுத்தலும் போதும்.

உடலில் ஓடும் சிவப்பணுக்களை வயதின்படி நான்கு கூட்டமாகப் பிரிப்போம். பிறந்து 30 நாட்களுக்குள் இருப்பவை முதல் கூட்டம். 30 முதல் 60 நாள் வரை இரண்டாவது, 60 முதல் 90 வரை மூன்றாவது, 90 முதல் 120 வரை நான்காவது. மஜ்ஜை தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் அனுப்புவதால் நான்கு கூட்டத்திலும் எண்ணிக்கை சமம். அவற்றின் சராசரி வயது முறையே 15, 45, 75, 105 நாட்கள். ஓர் அணுவுக்கு எத்தனை நாள் வயதோ, அத்தனை நாள் அது சர்க்கரையில் ஊறியிருக்கிறது. நான்கையும் கூட்டினால் 240. இவற்றை ‘ஊறல் நாட்கள்’ என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 240-இல் கடந்த ஒரு மாதத்தின் பங்கு என்ன? முதல் கூட்டம் இந்த மாதம்தான் பிறந்தது. அதன் 15 நாளும் இந்த மாதக் கணக்கு. மற்ற மூன்று கூட்டங்களும் மாதம் முழுக்க ஓடியவை. தலா 30 வீதம் 90. மொத்தம் 105. அதாவது 240-இல் ஏறத்தாழ 44 சதவீதம். அதற்கு முந்தைய மாதத்தில் முதல் கூட்டம் பிறக்கவே இல்லை. இரண்டாவது கூட்டத்தின் 15, மூன்றாவது, நான்காவது கூட்டங்களின் 60 சேர்ந்து 75. இது 31 சதவீதம். மூன்றாவது மாதத்துக்கு 45, அதாவது 19 சதவீதம். நான்காவது மாதத்துக்கு வெறும் 15, ஆறு சதவீதம்.

‘மூன்று மாதச் சராசரி’ என்று எல்லோரும் சொல்கிறோம். கணக்கு காட்டுவது அப்படி அல்ல. இந்த எண்ணில் கிட்டத்தட்ட பாதி, போன ஒரு மாதத்தின் கதை. முக்கால் பங்கு, கடந்த இரண்டு மாதம். மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும் சேர்ந்து கால் பங்குதான்.

இனி பத்தியம். கடைசி மூன்று நாட்களின் பங்கு, நான்கு கூட்டத்துக்கும் தலா மூன்று வீதம் 12 ஊறல் நாட்கள். 240-இல் ஐந்து சதவீதம். ஏ1சி 9 என்றால் சராசரிச் சர்க்கரை 212 என்றும், 6 என்றால் 126 என்றும் கணக்கிடுவார்கள். 212-இல் இருந்தவர் மூன்று நாள் கடும் பத்தியத்தில் 126-க்கு இறங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பதுக்கும் ஆறுக்கும் இடைவெளி மூன்று. அதில் ஐந்து சதவீதம் 0.15. ஆக, 9.0 என்று வரவேண்டியது 8.85 என்று வரும். அவ்வளவுதான் அந்தப் பட்டினியின் பலன்.

இதே கணக்கு ஆறுதலும் தரும். ஆண்டு முழுக்க 6-இல் வைத்திருப்பவர் தீபாவளி மூன்று நாள் கைவிட்டுச் சாப்பிட்டால், எண் 6.15-ஐத் தாண்டாது. ஒரு கல்யாண விருந்துக்காகக் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டியதில்லை.

அதே 212-காரர் மனம்வைத்து, மருந்தும் உணவும் நடையும் ஒழுங்காக்கி 126-இலேயே நின்றால்? ஒரு மாதத்தில் 9.0 என்பது 7.7 ஆகும். இரண்டாம் மாத முடிவில் 6.75. மூன்றாம் மாத முடிவில் 6.2. நான்கு மாதமானால் 6. முதல் மாதமே இத்தனை இறக்கம் தெரிகிறது. ஆனால் அடித்தளத்தைத் தொட மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவர்கள் மூன்று மாத இடைவெளி விடுவதன் காரணம் இதுதான். ஒரு மாதத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கஷ்டப்பட்டும் 7.7 தானா” என்று மருந்தை மாற்றச் சொல்கிறவர்கள், பழைய அணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஹீமோகுளோபின் மட்டுமா?

சர்க்கரை ஒட்டியதால் ஹீமோகுளோபினுக்குப் பெரிய சேதமில்லை. கவலை வேறிடத்தில். அதே குளுக்கோஸ் உடலின் மற்றப் புரதங்களையும் தொடுகிறது. கண் வில்லையின் உட்பகுதியில் உள்ள கிரிஸ்டலின் புரதங்கள் நாம் பிறந்தபோது வந்தவை. வாழ்நாள் முழுக்க அவையேதான். இரத்தக்குழாய்ச் சுவரிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஆண்டுக்கணக்கில் இருப்பது. நூற்றிருபது நாட்களில் அழிந்துபோகாத இந்தப் புரதங்களில், ஒட்டல் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகிறது. ஒரு புரத இழை பக்கத்து இழையோடு பின்னிக்கொள்கிறது. நெகிழ்வு குறைந்து விறைக்கிறது.

இந்த எண்ணைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்பது நெடுநாள் விவாதம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த ஆய்வு 1993-இல் அதை முடித்துவைத்தது. ஒரு பிரிவினரின் ஏ1சி 9 அளவில் இருந்தது. தீவிர சிகிச்சை பெற்ற மற்றொரு பிரிவினருக்கு 7 அளவில். சராசரியாக ஆறரை ஆண்டுகள் கண்காணித்ததில், தீவிர சிகிச்சையால் விழித்திரைக் கோளாறு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதமும், நரம்புக் கோளாறு 60 சதவீதமும் குறைந்தன. ஏ1சி என்ற எண்ணுக்கு உலகெங்கும் மதிப்பு வந்தது அதன் பிறகுதான். 2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் 6.5-ஐ நோயறியும் எல்லையாக ஏற்றன.

கணக்கு பிசகும் இடங்கள்

நம் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. ஏதோ ஒரு நோயால் அது 60 நாளிலேயே அழிந்தால்? ஊறல் நாட்கள் பாதியாகும். எண்ணும் ஏறத்தாழ பாதியாகச் சரியும். சர்க்கரை 212-இலேயே இருக்க, அறிக்கை 4.5 என்று சொல்லும். சிவப்பணு சிதையும் சோகைகள், அண்மையில் நடந்த பெரும் இரத்த இழப்பு, இரத்தம் ஏற்றிக்கொண்டது, டயாலிசிஸ் எல்லாமே எண்ணைத் தவறாக்கக்கூடியவை.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இதற்கு நேர் எதிரான பிழை. இரும்புச்சத்துக் குறைவில் மஜ்ஜையிலிருந்து புதிய அணுக்களின் வரத்து குறைகிறது. ஓடுபவற்றில் வயதானவற்றின் பங்கு கூடுகிறது. ஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்ந்து காட்டலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 6.5-ஐ ஒட்டி எண் வந்த ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டுமுன் அவருடைய ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது அவசியம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்ததும் புதிய அணுக்கள் பெருகி, சர்க்கரை மாறாமலே ஏ1சி இறங்குவதுண்டு. இந்த ஒரு செய்தியாவது எல்லா வீடுகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீலகிரி மலையின் பழங்குடிகளிடம் அரிவாளணு ஹீமோகுளோபின் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் பதிவுசெய்தார்கள். அங்கே பிரச்சினை இரட்டிப்பு. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் நடந்த மாற்றம் அது. சர்க்கரை ஒட்டும் முதல் இடத்துக்கு மிக அருகில். பரிசோதனை முறைகள் சில அந்த முனையின் உருவத்தை வைத்தே ஏ1சி-யை அடையாளம் காண்பவை. மாற்றம் அவற்றைக் குழப்பலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கோ சிவப்பணுவின் ஆயுளே சில வாரங்கள்தான். அவர்களிடம் ஏ1சி பார்ப்பதில் பொருளே இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு வேறொரு புரதம் கைகொடுக்கிறது. இரத்த நீரில் மிகுதியாக உள்ள அல்புமின்மீதும் சர்க்கரை ஒட்டுகிறது. சிவப்பணுவோடு அதற்குத் தொடர்பில்லை. ஏறத்தாழ 20 நாளில் அல்புமினில் பாதி மாறிவிடுவதால், அது சொல்வது கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலவரம். அதற்கும் ஒரு குறை உண்டு: சிறுநீரகம் கெட்டு அல்புமின் சிறுநீரில் கசிந்துபோகிறவர்களிடம் அதன் ஆயுள் சுருங்கி, எண் பொய்யாகத் தாழும். அப்போது புரதங்களை விட்டுவிட்டு, விரல் நுனியில் குத்தியோ தோலுக்கடியில் உணர்கருவி பொருத்தியோ குளுக்கோஸையே நேராக, பலமுறை அளக்க வேண்டியதுதான்.